ஹை-கிளாஸ், ஈஎஃப்டி-கேம்ப்: கரும் ஆற்றல் மாதிரி நிலைக்குமா என்று சொல்லும் இரண்டு நிரல்கள், ஒரு மதிப்புரை

2025 மார்ச்சில் டெசி குழு (விண்மீன் திரள்களின் தொலைவுகளை அளந்து அண்ட விரிவை ஆராய்வது) தன் இரண்டாம் கட்டத் தரவின் முடிவுகளை வெளியிட்டதிலிருந்து, அண்ட விரிவை முடுக்கும் கரும் ஆற்றலின் நிலைச் சமன்பாட்டு எண்ணை (அழுத்தத்துக்கும் ஆற்றல் அடர்த்திக்கும் உள்ள விகிதம், டபிள்யூ) இரண்டு அளவுருக்களால் எழுதித் தரவோடு பொருத்திப் பார்க்கும் கட்டுரைகள் குவிகின்றன. பொருத்துவது எளிது. 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் திரள்களும் குவாசார்களும் தந்த தொலைவுகள், நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, ஏதாவது ஒரு சூப்பர்நோவாத் தொகுப்பு மூன்றையும் சேர்த்தால், மாறாத அண்டவியல் மாறிலியைவிட (டபிள்யூ எப்போதும் −1) மாறும் கரும் ஆற்றலே மேல் என்று விடை வருகிறது. எந்த சூப்பர்நோவாத் தொகுப்பு என்பதைப் பொறுத்து அந்தச் சாய்வு 2.8 முதல் 4.2 சிக்மா (புள்ளியியல் உறுதியின் அலகு) வரை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பொருந்தி வரும் அந்த எண் ஒரு காலத்தில் −1-க்குக் கீழே கிடந்து, பிறகு அதைத் தாண்டி மேலே ஏறுகிறது. அப்படி ஏறும் ஒன்றைப் புலக்கோட்பாடாக எழுத முடியுமா, எழுதினால் அதன் உலைவுகள் (சீரான நிலையிலிருந்து வரும் சிறு விலகல்கள்) கட்டுக்குள் நிற்குமா என்பதற்குத் தொலைவு அளவுகளிடம் பதில் கிடையாது.

பதில் தேடுபவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் இரண்டு இலவச நிரல்கள். ஒன்று ஹை-கிளாஸ்: சி மொழியில் எழுதப்பட்ட கிளாஸ் என்ற அண்டவியல் கணக்கீட்டு நிரலின் மேல் ஹார்ன்டெஸ்கி கோட்பாடுகளை (ஈர்ப்போடு ஒரு ஸ்கேலார் புலத்தை, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண் மட்டும் கொண்ட புலத்தை, சேர்ப்பவை) ஏற்றியது, 2016-இல் வந்தது. மற்றொன்று ஈஎஃப்டி-கேம்ப்: ஃபோர்ட்ரானில் உள்ள, அதே வேலை செய்யும் கேம்பின் மேல், கரும் ஆற்றலுக்கான பயனுறு புலக்கோட்பாட்டை (நுண் விவரம் தெரியாமலே பெரிய அளவில் செல்லும் பொது வடிவம்) ஏற்றியது, அதைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. இரண்டுமே கணக்கைத் தொடங்கும் முன் மாதிரி நிலையானதா என்று சோதித்து, இல்லையென்றால் ஓட மறுக்கின்றன. இந்த மதிப்புரை அந்தச் சோதனையைப் பற்றி மட்டும். நிறமாலையை (பின்னணிக் கதிர்வீச்சிலும் பொருளிலும் ஒவ்வொரு அளவிலும் உள்ள ஏற்ற இறக்கம்) எவ்வளவு வேகமாகக் கணக்கிடுகின்றன என்பது வேறு கதை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சல்லடையாக இரண்டும் அருமை. சான்றிதழாக இரண்டும் போதாது. நிரல் பிழை சொல்லாமல் ஓடிவிட்டது என்பதை "கோட்பாட்டளவில் நிலையானது" என்று கட்டுரையில் எழுதுவது, நிரல் சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிப்பது.

பெட்டியில் ஏற்கெனவே இருப்பது

மூல கிளாஸும் மூல கேம்பும் நிலைத்தன்மையைச் சோதிப்பதில்லை என்பதையே பலர் கவனிப்பதில்லை. கிளாஸில் அண்டவியல் மாறிலியின் பங்கைப் பூஜ்யமாக்கி, டபிள்யூ-பூஜ்யம் (இன்றைய மதிப்பு), டபிள்யூ-ஏ (அது காலத்தோடு மாறும் அளவு) இரண்டையும் கொடுத்தால் கரும் ஆற்றலை ஒரு பாய்மமாக எடுத்துக்கொள்கிறது. பாய்மத்தின் திசைவேகச் சமன்பாட்டில் அழுத்த உலைவை 1 + டபிள்யூ வகுக்கிறது. டபிள்யூ −1-ஐத் தொடும் கணத்தில் அந்த உறுப்பு வெடிக்கிறது. இதைத் தவிர்க்கத்தான் பிபிஎஃப் என்ற ஒட்டு இயல்பாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. கேம்பில் பாய்ம வகையைத் தேர்ந்தெடுத்து டபிள்யூ −1-ஐக் கடக்கும்படி எண் கொடுத்தால் நேராகப் பிழை வரும். பிபிஎஃப்-க்கு மாற்றினால் ஓடும்.

அந்த ஒட்டு செய்வது என்ன? ஆற்றலும் உந்தமும் அழியாமல் காத்து, பெரிய அளவில் ஒரு நடத்தையையும் சிறிய அளவில் கரும் ஆற்றல் வழவழப்பாக இருக்கும் இன்னொரு நடத்தையையும் இணைத்துத் தைக்கிறது. அடியில் எந்தப் புலமும் இல்லை. எனவே பிபிஎஃப்-இல் ஒரு மாதிரி ஓடியது அதன் நிலைத்தன்மையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. டெசி முடிவுகளை மேற்கோள் காட்டி "டபிள்யூ −1-ஐக் கடப்பது அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதும்போது இது நினைவில் இருக்க வேண்டும். கிளாஸ் செய்யும் ஒரே கோட்பாட்டுச் சோதனை மிக எளியது: தொடக்க காலத்தில் டபிள்யூ மூன்றில் ஒன்றைத் தாண்டினால் கதிர்வீச்சு ஆதிக்கமே இருக்காது என்று சொல்லி நிறுத்திவிடும்.

ஹை-கிளாஸ் என்ன சோதிக்கிறது

உள்ளீட்டுக் கோப்பில் அண்டவியல் மாறிலியின் பங்கும் பாய்மத்தின் பங்கும் 0, புதிய புலத்தின் பங்கு −1. எதிர்மறை எண் என்பது "மீதியெல்லாம் இதற்கு" என்ற குறிப்பு. பிறகு ஈர்ப்பு மாதிரி. அதிகம் பயன்படுவது, ஈர்ப்பின் மாற்றத்தை விவரிக்கும் நான்கு ஆல்ஃபா சார்புகளும் கரும் ஆற்றலின் பங்குக்கு நேர்விகிதத்தில் வளரும் வகை. அதற்கு ஐந்து எண்கள், இந்த வரிசையில்: இயக்கம் (ஆல்ஃபா-கே), பின்னல் (ஆல்ஃபா-பி, புலமும் ஈர்ப்பும் ஒன்றோடொன்று கலக்கும் அளவு), பிளாங்க் நிறை மாறும் வீதம் (ஆல்ஃபா-எம்), ஈர்ப்பலையின் வேக வேறுபாடு (ஆல்ஃபா-டி), கடைசியில் பிளாங்க் நிறை வர்க்கத்தின் தொடக்க மதிப்பு. கடைசி எண்ணை 1 என்று வைக்க மறந்து 0 கொடுத்தால் எல்லாமே விழும். காரணம் புரியாமல் வெகுநேரம் தேட வைக்கும் பிழை இது.

சோதனைகள் நான்கு. ஈர்ப்பலைக்கு இரண்டு: பிளாங்க் நிறை வர்க்கம் நேர்மறையாக இருக்க வேண்டும், ஈர்ப்பலை வேகத்தின் வர்க்கமும் அப்படியே. ஸ்கேலார் புலத்துக்கு இரண்டு. முதலாவது கோஸ்ட் (எதிர்மறை இயக்க ஆற்றல் கொண்ட புலம்) சோதனை: ஆல்ஃபா-கே-யுடன் ஆல்ஃபா-பி வர்க்கத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் வரும் இயக்க உறுப்பு நேர்மறையாக இருக்க வேண்டும். இரண்டாவது கிரேடியண்ட் (சிறிய அலைநீள உலைவுகள் வெடிப்பது) சோதனை: ஒலிவேகத்தின் வர்க்கம் எதிர்மறை ஆகக் கூடாது. 2017 ஆகஸ்ட் 17 அன்று நியூட்ரான் விண்மீன் இணைவின் ஈர்ப்பலைக்கு 1.7 நொடி கழித்துக் காமாக் கதிர் வந்து சேர்ந்தபின், இன்றைய ஈர்ப்பலை வேகம் ஒளியிலிருந்து 10⁻¹⁵ அளவுக்கு மேல் விலக முடியாது. எனவே நான்காவது எண்ணைப் பூஜ்யத்தில் விட்டுவிடுங்கள்.

கிரேடியண்ட் சோதனையைக் கையாலேயே போட்டுப் பார்ப்பது நல்லது, அப்போதுதான் நிரல் ஏன் மறுக்கிறது என்று தெரியும். ஆல்ஃபா-எம், ஆல்ஃபா-டி இரண்டும் பூஜ்யம் என்றால், இயக்க உறுப்பை ஒலிவேக வர்க்கத்தால் பெருக்கி வரும் தொகை நான்கு துண்டுகளின் கூட்டல்:

ஒன்று, 3 × கரும் ஆற்றல் பங்கு × (1 + டபிள்யூ).
இரண்டு, ஆல்ஃபா-பி × (1 + ஹபிள் வீதத்தின் மாற்ற விகிதம்). இந்த விகிதம் பொருள் ஆதிக்கக் காலத்தில் −1.5, இன்று சுமார் −0.45.
மூன்று, அண்டம் ஒரு மடக்கை அலகு விரியும்போது ஆல்ஃபா-பி எவ்வளவு மாறுகிறது.
நான்கு, ஆல்ஃபா-பி வர்க்கத்தில் பாதி, இது கழித்தல்.

பின்னல் இல்லையென்றால் முதல் துண்டு மட்டுமே மிஞ்சும். டபிள்யூ −1-க்குக் கீழே போனால் அது எதிர்மறை. அப்போது இரண்டே வழி: இயக்க உறுப்பு எதிர்மறை ஆகிக் கோஸ்ட் வரும், அல்லது ஒலிவேக வர்க்கம் எதிர்மறை ஆகும். தனியொரு ஸ்கேலார் புலம், ஈர்ப்போடு நேரடிப் பின்னல் இல்லாமல், −1-ஐக் கடக்க முடியாது என்ற பழைய முடிவு இந்த ஒரு துண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது பின்னணியை அண்டவியல் மாறிலியாகவே வைத்துப் பின்னல் குணகத்தை (ஆல்ஃபா-பி-யைக் கரும் ஆற்றல் பங்கால் வகுத்தால் வரும் எண்) மட்டும் மாற்றுவோம். முதல் துண்டு பூஜ்யம். பொருள் ஆதிக்கக் காலத்தில் கரும் ஆற்றல் பங்கு அளவுக்காரணியின் (அண்டத்தின் அளவைக் குறிக்கும், இன்று 1 ஆகும் எண்) மும்மடியாக வளர்வதால் மூன்றாம் துண்டு 3 × ஆல்ஃபா-பி. மொத்தம் 2.5 × ஆல்ஃபா-பி. பின்னல் குணகம் எதிர்மறை என்றால், எவ்வளவு சிறிதானாலும், நிரல் மறுக்கும். அந்த மறுப்பு எண்ணியல் கோளாறு அல்ல. பிழைச் செய்தியே குறைந்தபட்ச ஒலிவேக வர்க்கத்தையும் அது நேர்ந்த அளவுக்காரணியையும் அச்சிட்டுத் தருகிறது. ஹை-கிளாஸின் மிகப் பயனுள்ள வசதி இந்த ஒரு வரிதான். பலர் அதைப் படிக்காமலே அளவுருவை மாற்றுகிறார்கள்.

பின்னல் குணகம் 1, இயக்கக் குணகம் 1 என்று வையுங்கள். இன்று கரும் ஆற்றல் பங்கு 0.7 என்றால் ஆல்ஃபா-பி 0.7, தொகை 0.77, இயக்க உறுப்பு 1.435, ஒலிவேக வர்க்கம் 0.54. எல்லாம் சரி. பொருள் ஆதிக்கக் காலத்துக்குப் போனால் அதே வர்க்கம் 2.5, அதாவது ஒளியைவிட வேகம். ஹை-கிளாஸ் இதற்குச் சத்தமே போடாது, அதன் நான்கு சோதனைகளில் இது இல்லை. ஒளியைவிட வேகமான உலைவு காரண-காரிய ஒழுங்கைக் குலைக்கிறதா, அல்லது உயர் ஆற்றலில் இந்தக் கோட்பாட்டை முழுமையாக்க முடியாது என்று மட்டும் காட்டுகிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அது நடப்பதே தெரியாமல் இருப்பது தவறு. பின்னணி அட்டவணையை விரிவாக அச்சிடச் சொல்லி ஒலிவேக நெடுவரிசையைப் பார்த்துவிடுங்கள். இயக்கக் குணகத்தை 10 ஆக்கினால் அந்த 2.5, 0.25 ஆக இறங்கும். இன்றைய மதிப்பு 0.1-க்கு வந்துவிடும். கவனிக்கக்கூடிய நிறமாலைகளில் ஆல்ஃபா-கே-யின் விளைவு மிகச் சிறிது என்று சொல்லி அதை 1-இல் நிறுத்திவைப்பது வழக்கம். நிறமாலைக்கு அது சரி. ஒலிவேகத்துக்கு அது சரியல்ல.

எங்கே சறுக்கும்

ஆல்ஃபா-கே, ஆல்ஃபா-பி இரண்டையும் 0 ஆக்கி "பொதுச் சார்பியல் வருகிறதா பார்ப்போம்" என்று ஓட்டுவது வழக்கமான முதல் முயற்சி. இயக்க உறுப்பு 0, அதை வைத்து வகுக்க வேண்டும், ஓட்டம் நிற்கும். பொதுச் சார்பியலோடு ஒப்பிட வேண்டுமானால் இயக்கக் குணகத்தை 1 என்றும் மற்றவற்றைப் பூஜ்யம் என்றும் வையுங்கள்.

அடுத்தது, தொடக்க காலம். அளவுக்காரணி மிகச் சிறியதாக இருக்கும்போது கரும் ஆற்றல் பங்கும் மிகச் சிறிது. எனவே ஒலிவேக வர்க்கம் என்பது ஏறக்குறையப் பூஜ்யத்தை ஏறக்குறையப் பூஜ்யத்தால் வகுத்து வருவது. தசமப் பிழையால் அது −10⁻¹² போல் வந்து மாதிரி தவறாக மறுக்கப்படலாம். இதற்காகவே பாதுகாப்பு எல்லைகள் இருக்கின்றன: ஒலிவேக வர்க்கம் இவ்வளவு வரை எதிர்மறையாகப் போகலாம் என்று சலுகை தரும் ஓர் எண்ணைக் கோப்பில் கொடுக்கலாம். எவ்வளவு கொடுப்பது? கிரேடியண்ட் நிலையின்மையில் உலைவு வளரும் அடுக்கு, ஒலிவேகத்தின் அளவு × அலையெண் × கழிந்த காலம். ஒரு ஹபிள் காலத்தை மெகாபார்செக்கில் எழுதினால் சுமார் 4,300. சலுகை 10⁻¹⁰ என்றால் ஒலிவேகம் 10⁻⁵. ஒரு மெகாபார்செக்குக்கு 10 என்ற மிகச் சிறிய அளவிலான அலையெண்ணில்கூட அடுக்கு 0.43, உலைவு ஒன்றரை மடங்கு வளரும், அவ்வளவுதான். அதுவே 10⁻³ என்று தாராளம் காட்டினால், 0.1 என்ற சாதாரண அலையெண்ணிலேயே அடுக்கு 13.5. உலைவு ஏழு லட்சம் மடங்கு பெருகும். 10⁻³ கொடுத்து "எண்ணியல் இரைச்சலைத் தவிர்த்தோம்" என்று எழுதுவதில் பொருளில்லை.

தொடக்க காலத்தைச் சோதனையிலிருந்தே விலக்கும் வசதியும், சோதனையை முழுக்கத் தவிர்க்கும் வசதியும் இருக்கின்றன. முதலாவதை, ஆல்ஃபாக்களின் வடிவம் தொடக்க காலத்துக்குப் பொருந்தாது என்று தெரிந்தே எடுத்துக்கொண்ட மாதிரிகளில் மட்டும் பயன்படுத்தலாம். எந்த அளவுக்காரணியிலிருந்து சோதித்தீர்கள் என்று கட்டுரையில் எழுதிவிடுங்கள். இரண்டாவது, பிழை எங்கே என்று தேட மட்டும்.

ஆல்ஃபாக்களுக்குப் பதில் முழுக் கோட்பாட்டைக் கொடுக்கும் வழியும் உண்டு: குவின்டசென்ஸ், பிரான்ஸ்-டிக்கி, கலிலியான் என்ற ஸ்கேலார் புல வகைகள். இங்கே நிரல் ஓர் அளவுருவைத் தானே சரிசெய்து இன்றைய கரும் ஆற்றல் பங்கைக் கொண்டுவர வேண்டும். எந்த அளவுருவைச் சரிசெய்வது, தோராயச் சரிவு எவ்வளவு என்ற இரண்டையும் நீங்கள் கொடுக்கிறீர்கள். தொடக்க ஊகம் தொலைவில் இருந்தால் தேடல் தோற்றுவிடும். அந்தத் தோல்வியை நிலையின்மை என்று எண்ணி அளவுரு வெளியின் ஒரு பகுதியையே வெட்டிவிடுவது நடக்கிறது. பிழைச் செய்தியில் கோஸ்ட், கிரேடியண்ட் என்ற சொற்கள் இல்லையென்றால் அது நிலையின்மை அல்ல.

வேகம் பற்றி ஒரு வரி. அலையெண் கூடும்போது புலம் வேகமாக ஊசலாடும், நிரல் மந்தமாகும். பின்னர் வந்த பதிப்பில் உள்ள தானியங்கி அரைநிலைத் தோராயம் (புலத்தின் வேகமான ஊசலை விட்டுவிடுவது) இதைச் சரிசெய்கிறது. ஆனால் இறுதி முடிவுக்கு ஒரு சில புள்ளிகளையாவது முழு இயக்கச் சமன்பாட்டில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

ஈஎஃப்டி-கேம்ப் கூடுதலாகத் தருவது

நிறுவுவது சற்றுக் கடினம். புதிய ஃபோர்ட்ரான் தொகுப்பி வேண்டும், பழையதில் ஓடாது. ஆனால் நிலைத்தன்மைச் சோதனையில் இதன் பிரிப்பு ஹை-கிளாஸைவிட நுணுக்கமானது. கோஸ்ட், கிரேடியண்ட், நிறை மூன்றுக்கும் தனித்தனி விசை. இவை தவிரக் கணித நிலைத்தன்மை என்று ஒரு தொகுதி: கூடுதல் புலத்தின் இரண்டாம் வரிசைச் சமன்பாட்டில் முதன்மைக் கெழு பூஜ்யமாகாமல் இருக்கிறதா, தீர்வு அடுக்கேறி வெடிக்கிறதா என்று பார்ப்பது.

நிறைச் சோதனையைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். நிறை வர்க்கம் எதிர்மறை என்றாலே கோட்பாடு கெட்டது என்று எண்ணுவோர் உண்டு. அப்படியில்லை. விண்மீன் திரள்கள் திரண்டதே அத்தகைய ஒரு நிலையின்மையால்தான். அது ஹபிள் காலத்தில் வளர்கிறதா, அதைவிட மிக வேகமாகவா என்பதே கேள்வி. எதிர்மறை நிறை வர்க்கத்தின் அளவு ஹபிள் வீத வர்க்கத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால் பயமில்லை. பல மடங்கு மிஞ்சினால் மாதிரி போயிற்று. கோஸ்ட், கிரேடியண்ட் இரண்டும் சிறிய அலைநீளத்தில் கடிக்கின்றன. நிறைச் சிக்கல் பெரிய அலைநீளத்தில் கடிக்கிறது. ஹை-கிளாஸின் நான்கு சோதனைகளும் இதைப் பிடிக்காது. பெரிய அளவில் உலைவு வெடிக்கும் ஒரு மாதிரி அங்கே சோதனையைக் கடந்து, அபத்தமான நிறமாலையைத் தந்து, தரவால் மட்டுமே தள்ளப்படும். பெரும்பாலும் அது போதும், ஆனால் எதனால் தள்ளப்பட்டது என்பது தெரியாமல் போகும்.

இந்த நிரலின் நிலைத்தன்மைச் சோதனை எவ்வளவு பலமானது என்பதற்கு எஃப்-ஆர் கோட்பாடு (ஐன்ஸ்டைனின் ஈர்ப்பில் வளைவுக்குப் பதில் வளைவின் ஒரு சார்பை வைப்பது) நல்ல உதாரணம். பின்னணியில் டபிள்யூ மாறிலி என்று வைத்து, அதற்கேற்ப எஃப்-ஆரை வடிவமைத்தால், டபிள்யூ −1-க்குக் கீழே இருக்கும் பாதி முழுவதும் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. தரவைத் தொடும் முன்பே.

கணித நிலைத்தன்மையையும் இயற்பியல் நிலைத்தன்மையையும் ஒரே நேரத்தில் இயக்கிவைத்தால் தேவைக்கு மேல் வெட்டும். கணிதச் சோதனை தோராயமானது, ஒவ்வொரு கணத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு சொல்வது. இயற்பியல் சோதனைகள் மூன்றையும் இயக்கி, கணிதச் சோதனையை அணைத்து ஒரு முறை, இயக்கி ஒரு முறை என்று ஓட்டினால் வேறுபாடு எங்கே என்று தெரியும்.

இரு நிரல்களும் ஒரே மாதிரிக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேறுபாட்டில் ஒத்துப்போகின்றன என்று 2018-இல் வெளியான ஒப்பீடு காட்டியிருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்று தோன்றினால் முதலில் ஆல்ஃபா-பி-யின் வரையறையைப் பாருங்கள். இரண்டு மரபுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில் உள்ள எண் மற்றொன்றில் −2 ஆல் வகுபட்டு வரும். குறி மாறுவதால் ஒரு நிரலில் நிலையான புள்ளி மறு நிரலில் விழும், பழி நிரல்மேல் விழும்.

ஸ்கேலார் புலத்தை ஆல்ஃபாக்களால் எழுதி வேலை செய்பவருக்கு ஹை-கிளாஸ் போதும், எளிது. எஃப்-ஆர் போன்ற வடிவமைப்பு மாதிரிகளுக்கும், பெரிய அலைநீள நடத்தை முக்கியமான மாதிரிகளுக்கும் ஈஎஃப்டி-கேம்ப்.

மாதிரியெடுப்பில் வரும் வளைவு

அளவுருக்களின் நிகழ்தகவுப் பரவலைப் பெறத் தற்செயலாகப் புள்ளிகளை எடுத்துப் பார்க்கும் மார்க்கோவ் சங்கிலியில் நிலையற்ற புள்ளிகளுக்கு நிகழ்தகவு பூஜ்யம். பார்க்க எளிது, விளைவு எளிதல்ல. மேலே பார்த்தபடி, அண்டவியல் மாறிலிப் பின்னணியில் பின்னல் குணகம் பூஜ்யத்துக்கு மேல் மட்டுமே வாழும். அதாவது அண்டவியல் மாறிலி என்ற புள்ளி நிலையான பகுதியின் நடுவில் இல்லை, மூலையில் இருக்கிறது. மூலையில் கன அளவு குறைவு. எனவே தரவே இல்லாமல் சங்கிலியை ஓட்டினாலும் ஓரப்பரவல் (ஓர் அளவுருவுக்கு மட்டுமான பரவல்) மூலையிலிருந்து விலகி நிற்கும். அந்த விலகலைக் கண்டுபிடிப்பு என்று அறிவிக்காமலிருக்க, தரவுத் தகவை (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்) அணைத்து, நிலைத்தன்மைச் சோதனையை மட்டும் வைத்து ஒரு சங்கிலி ஓட்டி அதன் வரைபடத்தையும் பக்கத்தில் போடுங்கள். கோபாயா என்ற மாதிரியெடுப்பு நிரலில் இதற்கென்றே வெற்றுத் தகவு ஒன்று உண்டு. இந்த வரைபடம் இல்லாத கட்டுரையின் கரும் ஆற்றல் முடிவைப் பாதி எடையோடு படிப்பதே நியாயம்.

கோபாயாவில் கோட்பாட்டு நிரலின் பிழையில் நிறுத்தாதே என்ற தெரிவு இயங்கினால், நிலையின்மை மட்டுமல்ல, மற்றக் கணக்கீட்டுப் பிழைகளும் பூஜ்ய நிகழ்தகவாக விழுங்கப்படும். மான்டே-பைத்தான் என்ற இன்னொரு மாதிரியெடுப்பு நிரல் உள்ளீட்டுப் பிழையையும் கணக்கீட்டுப் பிழையையும் பிரித்துப் பார்க்கும், ஆனால் தேடல் தோல்வி கணக்கீட்டுப் பிழையாகவே வரும். மறுக்கப்பட்ட புள்ளிகளில் சிலவற்றைக் கையால் ஓட்டிச் செய்தியைப் படியுங்கள்.

இரண்டும் பார்க்காதவை

முதலில் எதிர்காலம். சோதனை இன்றோடு முடிகிறது. அண்டவியல் மாறிலிப் பின்னணியில் பின்னல் குணகம் 2.5 என்று கொடுங்கள். இன்று ஆல்ஃபா-பி 1.75, தொகை 1.0, தடையின்றிக் கடக்கும். அண்டம் இன்னும் 1.62 மடங்கு விரிந்தபின், ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் கழித்து, தொகை பூஜ்யத்தைத் தாண்டி எதிர்மறை ஆகிறது. தரவுக்கு இது தேவையில்லை என்று சொல்லலாம். கோட்பாட்டு நிலைத்தன்மை என்று தலைப்பு வைத்தால் தேவை.

அடுத்தது நேரியலுக்கு அப்பால் இருப்பது, இதுதான் இன்று கனமானது. டெசி விரும்பும் வகையில் டபிள்யூ-பூஜ்யம் −0.75, டபிள்யூ-ஏ −0.86 என்று எடுத்துக்கொண்டால், −1-ஐக் கடப்பது செம்பெயர்ச்சி 0.41-இல். அதற்கு முன் முதல் துண்டு எதிர்மறை. பின்னல்தான் ஈடுகட்ட வேண்டும். பொருள் ஆதிக்கக் காலத்தின் ஆழத்தில் டபிள்யூ −1.61-ஐ நெருங்குகிறது. அங்கே ஒலிவேக வர்க்கம் நேர்மறையாக நிற்கப் பின்னல் குணகம் சுமார் 0.42-க்கு மேல் வேண்டும், இன்றைய ஆல்ஃபா-பி 0.3. ஹை-கிளாஸ் மகிழ்ச்சியோடு ஓடும். ஆனால் 2019-இல் கிரெமினெல்லியும் அவரது சகாக்களும் காட்டியது வேறு: பின்னல் உள்ள இத்தகைய கோட்பாட்டில், கருந்துளை இணைகள் வெளியிடும் ஈர்ப்பலைகள் கடந்து போகும்போது அந்த அலையே பின்னணியாகி, ஸ்கேலார் உலைவில் கோஸ்ட் அல்லது கிரேடியண்ட் நிலையின்மையைக் கிளப்பிவிடும். தப்பிக்க வேண்டுமானால் ஆல்ஃபா-பி-யின் அளவு 10⁻² சுற்றில் அடங்க வேண்டும். மேலே தேவைப்பட்டது அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். நிலையின்மை கிளம்பியபின் என்ன நடக்கும் என்பது உயர் ஆற்றல் கோட்பாட்டைப் பொறுத்தது என்ற விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்கின் மேல் நின்றுகொண்டு கட்டுரை எழுதுபவர் அதைச் சொல்லிவிட வேண்டும். பின்னலோடு ஆல்ஃபா-எம்-ஐயும் சேர்த்தால் கணக்கு மாறும்.

மூன்றாவது, குவாண்டம் பக்கம். கோஸ்ட் இருந்தால் வெற்றிடமே சிதைந்து சாதாரணத் துகள்களையும் கோஸ்ட் துகள்களையும் கக்கும். காமாக் கதிர்ப் பின்னணியில் அது தெரியாமலிருக்க, கோட்பாடு செல்லும் ஆற்றல் எல்லை சுமார் 3 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2004-இல் கணக்கிட்டார்கள். கோஸ்ட் இல்லாத சாதாரணக் குவின்டசென்ஸிலும் புலத்தின் நிறை 10⁻³³ எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்க வேண்டும். மற்றத் துகள்களோடு சிறிது உறவு இருந்தாலும் குவாண்டம் திருத்தங்கள் அதை உயர்த்திவிடும். சமச்சீர் ஏதாவது காவல் நிற்கிறதா என்பது கோட்பாட்டை வரையறுக்கும் லாக்ராஞ்சியனைப் பார்த்து மனிதர் சொல்ல வேண்டியது. நிரலிடம் கேட்கக்கூடிய கேள்வியே அல்ல.

ஊடாடும் மாதிரிகளுக்கு

கரும் ஆற்றலும் கரும் பொருளும் ஆற்றலைப் பரிமாறும் பாய்ம மாதிரிகளுக்கு இந்த இரண்டு நிரல்களின் சோதனைகளும் பொருந்தாது. கிளாஸை ஒட்டுப்போட்டுத் திருத்திய பதிப்புகளில்தான் அந்த வேலை நடக்கிறது, அவற்றில் பெரும்பாலானவற்றில் சோதனையே கிடையாது. அங்கே வரும் நோய் வேறு. கரும் ஆற்றலின் அடியபாட்டிக் ஒலிவேக வர்க்கம் (பின்னணி அழுத்தம் அடர்த்தியோடு மாறும் வீதம்), டபிள்யூ மாறாதபோது, எதிர்மறை. அதை நேராக அழுத்த உலைவுக்குப் போட்டால் உடனே வெடிக்கும். எனவே ஓய்வுச் சட்டகத்தில் ஒலிவேகத்தை 1 என்று தனியாக வைப்பார்கள். பரிமாற்றம் சேர்ந்ததும், இரண்டு ஒலிவேகங்களின் வேறுபாட்டிலிருந்து எழும் உறுப்பு 1 + டபிள்யூ வகுப்பதால் வீங்கி, தொடக்க காலத்தில், பெரிய அலைநீளத்தில் உலைவை வெடிக்க வைக்கிறது. 2008-இல் வாலிவீட்டா, மயெரோட்டோ, மார்ட்டென்ஸ் மூவரும் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

கையால் போடக்கூடிய அளவுகோல் ஒன்று உண்டு: கரும் பொருளுக்குப் போகும் பரிமாற்ற வீதத்தை, 3 × ஹபிள் வீதம் × கரும் ஆற்றல் அடர்த்தி × (1 + டபிள்யூ) ஆல் வகுங்கள். விடை 1-ஐத் தாண்டி நேர்மறையானால் மாதிரி நிலைக்காது. பரிமாற்றம் கரும் ஆற்றல் அடர்த்திக்கும் ஹபிள் வீதத்துக்கும் நேர்விகிதம் என்று வைத்து, குணகம் 0.1, டபிள்யூ −0.999 என்றால் விடை 33, போயிற்று. குணகம் −0.1 என்றால் −33, நிலைக்கும். கட்டுரைகளில் அடிக்கடி தென்படும் −0.999 என்ற எண்ணும் எதிர்மறைக் குணகமும் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான். −1 என்றே வைத்தால் வகுத்தல் நின்றுவிடும், அதனால் ஒரு நூலிழை விலக்கி வைக்கிறார்கள். அந்த நூலிழையின் அகலம் முடிவை அசைக்கிறதா என்று பார்க்க −0.99-இலும் ஒரு சங்கிலி ஓட்டுங்கள். குணகத்தின் குறியை உங்கள் பதிப்பு எந்தப் பக்கம் எடுத்துக்கொள்கிறது என்று அதற்கு முன் சமன்பாட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.